08-க்கு மட்டும் ஏன் பிழை? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

போன வீடியோவில் பாஷில், அதாவது லினக்ஸில் கட்டளைகளை ஓட்டும் நிரலில், பயனர் அடிப்பதை வாங்கும் ரீட் (read) கட்டளை பற்றிப் பேசினோம் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாத அறிக்கைக்கு ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதினேன். மாதத்தை இரண்டு இலக்கமாகக் கேட்கிறேன். இலக்கம்தானா என்று சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன். இருந்தும் 08, 09 கொடுத்தால் மட்டும் பிழை வருகிறது. ஏன்?"

ரொம்பப் பிடித்த கேள்வி. ஜூலை வரை நன்றாக ஓடும், ஆகஸ்டில் மக்கர் செய்யும், அக்டோபரில் தானாகச் சரியாகிவிடும். யாரைச் சந்தேகப்படுவது?

நான் எப்போதும் சொல்வதுதான்: ரீட் கொண்டுவந்து கொடுப்பது எழுத்து, எண் இல்லை. அதை எண்ணாகப் படிப்பது யார் என்று பாருங்கள். இரட்டைச் சதுர அடைப்புக்குள் [[ ]], சமமா என்று பார்க்கும் மைனஸ் ஈக்யூ (-eq) போட்டு ஒப்பிட்டால், பாஷ் அதைக் கணக்காகப் படிக்கும். கணக்கில் முன்னால் பூஜ்யம் வந்தால் ஆக்டல், அதாவது எட்டின் அடிமானம்; சி மொழியிலிருந்து வந்த வழக்கம். ஆக்டலில் 7-க்கு மேல் இலக்கமே கிடையாது. ஒற்றைச் சதுர அடைப்பில் இதே 08 சாதாரண 8 ஆகிவிடும். அதனால்தான் பக்கத்து சீட்காரர் "எனக்கு ஓடுகிறதே" என்பார்.

பிழை வந்தது நல்லதுதான். பயப்பட வேண்டியது 010-க்கு. எத்தனை பெட்டி என்று கேட்கும்போது ஒருவர் 010 என்று அடித்தால், பாஷ் சத்தமே இல்லாமல் 8 என்று எடுத்துக்கொள்ளும்.

கணக்கு போடும் இடத்தில் 10, ஹேஷ் குறி, அப்புறம் டாலரோடு வேரியபிள் என்று எழுதுங்கள் (10#$m போல). பத்தின் அடிமானத்தில் படிக்கும். ஆனால் சோதனைக்குப் பிறகுதான். சோதிக்காத எழுத்தைக் கணக்கில் விட்டால், அதற்குள் ஒளித்துவைத்த கட்டளையைக்கூட பாஷ் ஓட்டிவிடும். ஏனென்றால் வருவது எழுத்து! மாதத்துக்கு நான் கணக்குப் பக்கமே போக மாட்டேன். எழுத்தை வடிவத்தோடு பொருத்திப் பார்க்கும் கேஸில் (case) 0[1-9], 1[0-2] என்று இரண்டு வடிவம் போதும்.

அவர் கேட்காததை, கேட்டிருக்கலாமே என்று நான் நினைப்பதை, இப்போது சொல்கிறேன். பதில் சொல்ல ஆளே இல்லாவிட்டால்? அவருடைய ஸ்கிரிப்டில் தவறான பதிலுக்கு மறுபடி கேட்கும் லூப் இருக்கிறது. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் (cron) போட்டால் ரீட்டுக்கு ஒன்றும் கிடைக்காது, லூப் நிற்காது. தெரிந்த ஒரு அலுவலகத்தில் இப்படி ஓடி, விடியும்போது லாக் ஃபைல் டிஸ்க்கையே நிரப்பியிருந்தது. அதில் கேள்விகூட இல்லை. டெர்மினல் இல்லாதபோது ரீட்டில் மைனஸ் பி (-p) போட்டுக் கேட்கும் வாசகம் அச்சாகாது. வரிக்கு வரி "தவறு" மட்டும்தான். ஆகவே ரீட் தோற்றால் உடனே வெளியேறுங்கள். அதைவிட, மாதத்தை, ஸ்கிரிப்டை ஓட்டும்போதே கூடவே கொடுக்கும் ஆர்க்யுமென்ட்டாக வாங்குங்கள். வராவிட்டால் மட்டும் கேளுங்கள். ஆர்க்யுமென்ட்டாக வந்தாலும் எழுத்துதான், அதே கேஸ் வழியாகத்தான் போக வேண்டும்.

சரி, அடுத்தவர் பாஸ்வேர்டு திரையில் தெரியாமல் வாங்குவது எப்படி என்கிறார். ரீட்டோடு மைனஸ் எஸ் (-s). பின்னால் புது வரிக்குப் போக வெறும் எக்கோ (echo) ஒன்று போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த செய்தி அதே வரியில் ஒட்டிக்கொள்ளும்.