கதவைப் பிறாண்டும் பயிற்சியாளர்

நடுவர் அவர்களே, மஞ்சக்குப்பத்துப் பெருமக்களே, வணக்கம். 'உடம்பைக் காப்பது ஜிம்மா, நாயோடு நடக்கிற நடையா?' என்பது தலைப்பு. ஜிம் அணித் தலைவர் ஒரு கேள்வி வீசினார்: "கம்பத்துக்குக் கம்பம் நின்று காலைத் தூக்குகிற நாயோடு போனால், அது நடையா?"

நியாயம்தான். நாய் நின்றால் நம் நாடித்துடிப்பும் இறங்கிவிடும். அதனால் முதல் 5 நிமிடம் அது இஷ்டத்துக்கு மோப்பம் பிடிக்கட்டும், வயிறும் காலியாகட்டும். பிறகு கயிற்றைச் சுருக்கிப் பிடித்து 30 நிமிடம் நிற்காத நடை. வேகம் போதுமா? பேச முடியணும், பாட முடியக் கூடாது. (சோதிக்கிறேன் என்று தெருவை எழுப்பிவிடாதீர்கள்.) வாரம் 5 நாள், 150 நிமிடம். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்கிற குறைந்தபட்சக் கணக்கு அதுதான். வாரம் 2 நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அந்த 2 நாளை எதிரணிக்கே தாரைவார்க்கிறேன்.

ஆனால் ஜிம்மில் வருடப் பணம் கட்டியவரைப் போர்வைக்குள்ளிருந்து இழுக்க யார் வருகிறார்கள்? ஐந்தரைக்குக் கதவைப் பிறாண்டுகிற ஜீவனிடம் மார்கழிப் பனி என்று சாக்குச் சொல்லிப் பாருங்கள்!

ராத்திரி சாப்பிட்டதும் இன்னொரு 15 நிமிடம் கூட்டிப்போனால், சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சர்க்கரை அடங்கும். நாய்க்குச் சோறு திரும்பி வந்த பிறகுதான். வயிறு நிறைந்த பெரிய நாயை ஓட்டினால் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளலாம்.

"இழுத்துத் தள்ளிவிடும்" என்றார் அடுத்துப் பேசிய அம்மா. கயிற்றை விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றினால் எலும்பே முறியும், தாயே. 6 அடிக் கயிறு போதும். கழுத்துப் பட்டைக்குப் பதில், முன்பக்கம் வளையம் உள்ள மார்புப் பட்டை போடுங்கள். இழுத்தால் நாய் தானே பக்கவாட்டில் திரும்பிவிடும். இழுக்கும்போது நில்லுங்கள், கயிறு தொய்ந்தால் மட்டும் நடங்கள். சில வாரத்தில் பழகிவிடும்.

நம்ம ஊர் வெயிலுக்கு ஒன்று. புறங்கையைத் தார் ரோட்டில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். பொறுக்கவில்லையா, அதன் பாதமும் பொசுங்கும். தேவனாம்பட்டினம் வெள்ளி கடற்கரைக்குப் போனால் குடிதண்ணீர் பாட்டில் கூடவே போகணும். தாகத்தில் கடல் தண்ணீரை நக்கினால் வாந்தியும் பேதியும்தான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். வீடு திரும்பியதும் விரலிடுக்கு, காதுமடல், பட்டைக்கு அடியில் உண்ணி தேடுங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கணும், நசுக்க வேண்டாம். நன்றி, வணக்கம்.