காணாததை வரைகிறவர்கள்

(பாளையங்கோட்டையில் பள்ளி மாணவர்களின் ஓவியக் கண்காட்சி ஒன்றைத் தொடங்கிவைத்து, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். படம் வரைந்த பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஒரு கோடும் போடாத நாங்கள் நாற்காலியில் இருக்கிறோம். இந்த முறைகேட்டை மன்னித்துவிட்டுக் கேளுங்கள். கண்ணால் காணாத உலகங்களையும் விலங்குகளையும் வரைகிற சில ஓவியர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

போன மாதம் நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். காவல்கிணறு விலக்கில் வண்டி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால், காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிவந்த டிரெய்லர் வளைவில் திரும்ப முடியாமல் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இறக்கை 50 மீட்டருக்குக் குறையாது. வெள்ளை வெளேரென்று, ஒட்டுப்போட்ட தடம் இல்லாமல், ஒரு முனை யானை வயிறு போல உருண்டும் மறுமுனை கத்தியாக மெலிந்தும் கிடந்தது. அதன் நிழலில் ஓர் ஆச்சி முருங்கைக்காய்க் கட்டை இறக்கிவைத்துவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு ஆடுகள். அந்த இறக்கையை அண்ணாந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. எப்போது வழி விடுவார்கள் என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

எனக்குச் சுவீடன் நாட்டு ஓவியர் சீமோன் ஸ்டோலன்ஹாக்கின் நினைவு வந்தது. திரையில் இப்போது தெரிபவை அவருடைய படங்கள். 1984இல் பிறந்தவர், ஸ்டாக்ஹோமுக்கு அருகே ஏரித்தீவுகளில் வளர்ந்தவர். அந்தத் தீவுகளுக்கு அடியில் ஒரு மாபெரும் துகள் முடுக்கி, அதாவது அணுத்துகள்களை மிக வேகமாக ஓடவிட்டு ஆராயும் இயந்திரம், இருந்ததாகக் கற்பனை செய்து அவர் வரைந்த தொகுதி 2014இல் வந்தது. 2020இல் அது தொலைக்காட்சித் தொடராகவும் ஆயிற்று. படங்களைப் பாருங்கள். உருகிச் சேறான பனி, பழைய கார், கம்பளிச் சட்டை போட்ட குழந்தைகள், பின்னால் துருப்பிடித்த ராட்சத இயந்திரம். அந்த இயந்திரத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை, நம் ஆச்சி இறக்கையைப் பொருட்படுத்தாதது போலவே. அவர்கள் பொருட்படுத்தாததால்தான் நாம் நம்புகிறோம். இவர் தமக்கு வழிகாட்டிகளாகச் சொல்கிறவர்களில் லார்ஸ் யோன்சன் என்ற பறவை ஓவியரும் ஒருவர். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் உட்கார்ந்து நாரையைப் பார்த்து வரைகிற பையனுக்கு இந்தச் செய்தி உதவும். முதலில் சேற்றையும் பறவையையும் வரையக் கை பழக வேண்டும், இயந்திரம் அதற்குப் பிறகு தானே வரும்.

அடுத்தவர் ஷான் டான். ஆஸ்திரேலியர், 1974இல் பிறந்தவர். அவருடைய தந்தை மலேசியாவிலிருந்து குடிபெயர்ந்த சீனர். பதின்ம வயதிலேயே அறிவியல் புனைகதைப் பத்திரிகைகளுக்குப் படம் வரையத் தொடங்கினார். 2011இல் இவருடைய குறும்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் நான் பேச நினைப்பது 2006இல் வந்த 'தி அரைவல்' பற்றி. மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு ஒருவன் பிழைப்புக்காகக் கடல் கடந்து போகிறான். நூல் முழுக்கப் பென்சில் படங்கள்தான், வசனமே கிடையாது. அவன் போய் இறங்குகிற நகரத்தில் பழம், பறவை, கடிகாரம் எதுவும் நாம் அறிந்ததாக இல்லை. பலகைகளில் உள்ள எழுத்தும் எந்த மொழியும் அல்ல. ரோமன் எழுத்துகளை வெட்டி, மாற்றி ஒட்டி அவரே செய்த எழுத்து. அவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. வரிசையாக ஒட்டிக்கொண்டே போகிறான். எல்லாம் தலைகீழ்!

இந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, என் சித்தப்பா ஞாபகம் வந்தது. பம்பாய்க்குப் போன புதிதில் அவருக்கு இந்தியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. மின்சார ரயிலில் ஏறினால் விரலை மடக்கி ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டே போவாராம். ஒருநாள் வண்டி ஏதோ காரணத்தால் இடையில் ஒருமுறை கூடுதலாக நின்றுவிட்டது. அவ்வளவுதான், கணக்குத் தப்பி, இரவு முழுக்க வேறொரு ஊரின் நடைமேடையில் உட்கார்ந்திருந்தார். நம் மாவட்டத்தில் மும்பைக்கோ வளைகுடாவுக்கோ ஓர் ஆளாவது போகாத தெரு உண்டா? மாய நகரம் என்று நாம் நினைக்கிற இடம், எழுதப் படிக்கத் தெரியாமல் போய் நிற்கிறவனுக்கு நிஜ நகரம். டான் அந்தத் திகைப்பைத்தான் வரைந்தார். படிக்கிற நம்மையும் எழுத்தறியாதவராக்கிவிட்டுக் கதையைச் சொல்கிறார்.

ஜேம்ஸ் கர்னியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரிடம் கற்க வேண்டியது செய்முறை. மனிதரும் டைனோசரும் சேர்ந்து வாழும் தீவை 1992இல் நூலாகக் கொண்டுவந்த அமெரிக்க ஓவியர். இல்லாத விலங்கை வரையும் முன் அதைச் சிறு பொம்மையாகச் செய்து வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார். கழுத்தின் நிழல் முதுகில் எங்கே விழுகிறது என்பதை மனத்தால் ஊகிக்க முடியாது, பார்த்தால்தான் தெரியும். காருகுறிச்சியில் பானை வனைகிறவர்களிடம் ஒரு கை மண் கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். பிசைந்து ஒரு பூதம் செய்து, மாலை நாலு மணி வெயிலில் திண்ணையில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் பாதிப் பாடம் வந்துவிடும்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று பின்வரிசையில் ஓர் அண்ணாச்சி முணுமுணுக்கிறார். வாருங்கள், திருப்புடைமருதூர் போவோம். கடனாநதி தாமிரபரணியில் கலக்கிற இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் சுவரெல்லாம் ஓவியம், தூணெல்லாம் மரச்சிற்பம். சுமார் 16, 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தேவர்களையும் அசுரர்களையும் பார்த்துக்கொண்டே ஏறினால், நடுவே ஒரு கப்பல்! கப்பலில் அரபு வணிகர்கள், அவர்களோடு விற்பனைக்கு வந்த குதிரைகள். கடலுக்கு எட்டாத ஆற்றங்கரையில், இருட்டுக் கோபுரத்துக்குள் கப்பல் வரைய வேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறது. அன்றைக்கு அந்தக் குதிரைக் கப்பல் தொலைதேசத்து அதிசயம், இன்று விண்கலம் இருப்பதுபோல. அசுரனுக்குப் பக்கத்திலேயே அதை வைத்துவிட்டான், கூச்சமே இல்லாமல். கிருஷ்ணாபுரம் கோயில் யாளியும் அப்படித்தான். உடம்பு சிங்கம், துதிக்கை யானை. காணாத மிருகத்தில் காணாத உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது.

நம் காலத்துக்கு வந்தால் ஓஷீன் சிவாவைச் சொல்ல வேண்டும். திருவண்ணாமலையைச் சேர்ந்தவர். தமிழ் மரபையும் தலித் வரலாற்றையும் எதிர்காலத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துகிற ஓவியங்கள், பெரிய பெரிய சுவரோவியங்கள். வருங்காலத்தில் யாருக்கு இடம் உண்டு என்பதை அந்தச் சுவர்கள் உரக்கவே கேட்கின்றன. இங்கே பார்வைக்கு வைத்திருக்கும் விண்வெளி நகரங்களில் பாதி அமெரிக்கக் கட்டடங்களாக இருக்கின்றன என்று நான் வருத்தப்படுவதற்கும் அதுவே காரணம். என் ஊர் பணகுடிக்குப் பக்கம். மேற்கே நிமிர்ந்தால் மகேந்திரகிரி. அனுமன் இலங்கைக்குத் தாவியது அந்த மலையிலிருந்துதான் என்று என் பாட்டி சொல்வாள். அதன் அடிவாரத்தில்தான் இஸ்ரோ ராக்கெட் இஞ்சின்களைச் சோதிக்கிறது. 2023இல் சந்திரயான்-3ஐ ஏற்றிச்சென்ற ராக்கெட்டின் கிரையோஜெனிக் இஞ்சினும், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடுகிற இஞ்சினும், அங்கே சோதனை முடித்துப் போனதுதான். தாவலும் இஞ்சினும் ஒரே மலையில் கிடைக்கிற ஊர்க்காரன் நியூயார்க்கை எதற்காக வரைய வேண்டும்? செவ்வாய்க் கிரகத்து மண் வேண்டுமென்றால் திருச்செந்தூர்ப் பக்கம் செம்மணல் மேடான தேரிக்காட்டுக்கு ஒரு டிக்கெட் எடுத்தால் போதும்.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். சில புத்தகங்களில் 'அட்டைப்படம்: இணையம்' என்று அச்சிடுகிறார்கள். இணையம் என்பவர் யார், எந்த ஊர்க்காரர், அவருக்கு எவ்வளவு கூலி கொடுத்தீர்கள்? போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கி, டிராகன்களையும் போர்க்களங்களையும் வரைகிறவர். 2022இல் படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பரவியபோது, இவர் பெயரைத் தட்டினால் இவர் பாணியில் படம் வரும் என்று ஆகிவிட்டது. பெயர் ஊரெல்லாம் ஓடியது, காசு மட்டும் அவரிடம் வரவில்லை. 2023 ஜனவரியில் கார்லா ஓர்டிஸ் உள்ளிட்ட மூன்று ஓவியர்கள் இத்தகைய செயலிகளின் நிறுவனங்கள் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். பிள்ளைகளே, படத்தின் மூலையில் பெயரை எழுதுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு எறும்பு அளவில் எழுதாதீர்கள்.

கடைசியாக, வாசலுக்கு இடப்புறம் மூன்றாவது வரிசையில் ஒரு பென்சில் படம் இருக்கிறது. உவரிப் பக்கத்திலிருந்து வந்த பையன் வரைந்தது. வேறொரு கிரகம், வானத்தில் இரண்டு நிலா. விண்வெளி உடுப்புப் போட்ட பனையேறி ஒருவர் உயரமான உலோகக் கம்பத்தில் ஏறுகிறார்; தோளில் பனையேறிகளின் முருக்குத்தடி, இடுப்பில் பாளை சீவும் அருவாள், காலில் ஏறும்போது கால்களைப் பிணைக்கிற தளைநார். எப்படி வரைந்தாய் என்று கேட்டேன். முதலில் தளைநாரைத் தோன்றியபடி போட்டானாம். தாத்தா பார்த்துவிட்டு, "இப்படிக் கட்டினால் ஆள் விழுந்துவிடுவான்" என்று பென்சிலைப் பிடுங்கிச் சரியான கட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறார். இவன் அழித்துவிட்டு மறுபடி வரைந்திருக்கிறான். கணுக்காலுக்குப் பக்கத்தில் அழித்த தடம் இன்னும் கறுப்பாகத் தெரிகிறது. போகும்போது குனிந்து பாருங்கள்.