வாத்தியாரைக் கேட்காதீர்கள், மாணவரைக் கேளுங்கள்

விழாத் தலைவர் அவர்களே, சபாவின் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து பேச்சாளனை நடுங்க வைத்துக்கொண்டிருக்கும் மூத்த வித்வான்களே, பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பேரூராட்சித் தலைவி அம்மையார் வேறொரு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு முதல் நன்றி. வாடகை வாங்காமல் மண்டபம் தந்த அறங்காவலர் குழுவினருக்கு அடுத்த நன்றி. எனக்கு முன் பேசிய பேராசிரியர் என்னைப் புகழ்ந்தார். அதில் பாதியை அவருக்கே திருப்பித் தருகிறேன், மீதியை வைத்துக்கொள்கிறேன்.

பிள்ளைக்குப் பாட்டு வாத்தியார் தேடும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? மூன்று செய்திகள் சொல்ல நினைக்கிறேன். வாத்தியாரை எடைபோடுவது எப்படி, குரலுக்கு ஏற்ற சுருதி, வீணை வயலின் கற்பவர்களுக்கான யோசனை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலம் இதைத்தான் சொல்கிறது. வடநாட்டிலிருந்து ஏமநாதன் மதுரைக்கு வருகிறான். வரகுண பாண்டியன் சபையில் பாடுகிறான், பாண்டியன் சொக்கிப்போகிறான். தன் சபைப் பாடகர் பாணபத்திரரைக் கூப்பிட்டு, "நாளைக்கு நீர் இவரோடு பாட முடியுமா?" என்று கேட்கிறான். அரசன் கேட்டால் முடியாது என்று சொல்ல முடியுமா? சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். வழியில், தெருவுக்குத் தெரு ஏமநாதனின் சீடர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டார் பாணபத்திரர். சீடப்பிள்ளைகளே இப்படிப் பாடினால் குரு எப்படிப் பாடுவார் என்று வெலவெலத்துப் போனார். நேராகச் சோமசுந்தரர் சந்நிதிக்கு ஓடினார்.

அன்று மாலை ஒரு கிழவர். தலையில் விறகுக்கட்டு, கையில் பழைய யாழ். விறகு விற்றுக்கொண்டே வந்து, ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் இளைப்பாற உட்கார்ந்தார். சும்மா இருக்காமல் பாடினார். உள்ளே இருந்தவன் எழுந்து வந்து, "யாரப்பா நீ?" என்றான். "பாணபத்திரரிடம் பாடம் கேட்கப் போனேன். வயசாகிவிட்டது, நீ பாட்டுக்கு ஆகமாட்டாய் என்று அனுப்பிவிட்டார். விறகு விற்றுப் பிழைக்கிறேன்" என்றார். "இன்னொரு தரம் பாடு" என்றான். சாதாரி என்ற பண்ணை, பழந்தமிழ் ராகத்தை, பாடினார். உயிர்கள் எல்லாம் அசையாமல் நின்றன. தள்ளிவிட்ட ஆளே இப்படி என்றால்! ஏமநாதன் இரவோடு இரவாக மூட்டை கட்டிவிட்டான்.

கவனித்தீர்களா? பாணபத்திரரை ஏமநாதன் கேட்கவே இல்லை. மாணவனைக் கேட்டான், முடிவுக்கு வந்துவிட்டான். பாணபத்திரர் பயந்ததும் மாணவரைக் கேட்டுத்தான்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் அந்தச் சோற்றை நடுப்பானையிலிருந்து எடுக்க வேண்டும். ஆண்டு விழாவில் பாடும் பிள்ளை மேலாகத் தெரிகிற சோறு. சாதாரண நாளில், அனுமதி கேட்டு, வகுப்பில் ஓர் ஓரமாக உட்காருங்கள். இரண்டாம் வருடத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரைக் கேளுங்கள். பிள்ளை கீதம் என்ற தொடக்கப் பாட்டைப் பாடும்போது, ஆதார ஒலி தரும் சுருதிப்பெட்டியை நிறுத்தச் சொல்லுங்கள். முடிந்ததும் மறுபடி போடச் சொல்லுங்கள். ஷட்ஜம், அதாவது 'ஸ', இருந்த இடத்திலேயே இருக்கிறதா, நழுவிவிட்டதா? வாத்தியாரின் உழைப்பு அங்கே தெரிந்துவிடும்.

அடுத்து, எந்த இடத்தில் நிறுத்தித் திருத்துகிறார் என்று பாருங்கள். முதல் பாடம் மாயாமாளவகௌளை ராகம். அதில் ரிஷபம், அதாவது 'ரி', ஷட்ஜத்தை ஒட்டி நிற்கும். காந்தாரம், அதாவது 'க', தள்ளி நிற்கும். இறங்கும்போது க-வுக்கும் ரி-க்கும் நடுவில் பெரிய இறக்கம். குழந்தைகள் முழுதாக இறங்காமல், ரிஷபத்தை ஒரு மயிரிழை மேலேயே விட்டுவிடும். நல்ல வாத்தியார் அங்கே கையை உயர்த்துவார். "க ரி ஸ" மட்டும் நாலு தரம் பாட வைப்பார். பிழை எங்கே என்று சொல்லாமல் "முதலிலிருந்து பாடு" என்பவரிடம் பிள்ளை பிழையையும் சேர்த்தே மனப்பாடம் செய்யும்.

கையைப் பாருங்கள். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு, மொத்தம் எட்டு. காலம் என்பது பாட்டின் வேகம். முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கை ஒரே வேகத்தில் போக வேண்டும். காலம் மாறும்போது கையும் சேர்ந்து ஓடினால், அந்தப் பிள்ளைக்குத் தாளம் சொல்லித்தரப்படவில்லை.

சுருதி. சுருதியின் உயரத்தைக் கட்டை என்று அளப்போம். ஆண் வாத்தியார் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார். சிறு பிள்ளைக்குப் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை வேண்டியிருக்கும். ஒவ்வொரு குரலுக்கும் தனியாகப் பார்த்து வைக்க வேண்டும். மேல் ஷட்ஜத்தில் மோவாய் தூக்கினால், கழுத்து நரம்பு புடைத்தால் கட்டை அதிகம். கீழே போகும்போது சத்தமே காணாமல் போனால் குறைவு. பையன்களுக்கு மகரக்கட்டு வரும், அதாவது குரல் உடையும் வயதில் என்ன செய்வீர்கள் என்று வாத்தியாரிடம் முன்கூட்டியே கேளுங்கள். "கட்டையைப் படிப்படியாக இறக்குவேன், பாட்டைக் குறைத்துக் கேள்வி ஞானத்தைக் கூட்டுவேன்" என்றால் நம்பலாம்.

இணைய வழி வகுப்பு? சத்தம் தாமதமாக வருவதால் இரண்டு பேர் சேர்ந்து தாளம் போட முடியாது. தம்புரா நாதத்தை இரைச்சல் என்று செயலியே வெட்டிவிடும். சுருதிப்பெட்டி பிள்ளையின் பக்கத்தில் ஒலிக்கட்டும். வேறு வழியில்லாதவர்களுக்கு அது போதும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வீணை, வயலினை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன். வாத்தியாரிடம் கேட்க வேண்டிய கடைசிக் கேள்வி: "முதல் வருடத்தில் என் பிள்ளை தமிழில் என்ன பாடும்?" தமிழ்ப் பாட்டை வளர்க்கவென்றே சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறந்தது 1943-இல். இன்னமும் பல வகுப்புகளில் இதற்குப் பதில் ஒரு சிரிப்புதான்! மலகரி ராகத்தில் புரந்தரதாசர் கீதங்கள் இருக்கட்டும். அவற்றை நீக்கச் சொல்லவில்லை. கூடவே ஒன்று வையுங்கள். இந்தளம் என்ற பண்ணை, கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார்கள் மாயாமாளவகௌளையில் பாடுகிறார்கள். பிள்ளை முதல் பயிற்சியான சரளி வரிசையில் பழகிய அதே ஸ்வரங்கள். சுந்தரரின் 'பித்தா பிறைசூடி' இந்தளம்தான். அதற்குப் பிறகு வரும் ஜண்டை வரிசைப் பயிற்சியை முடித்த பிள்ளைக்கு அது எட்டாத பாட்டா? சொல்லுக்குப் பொருள் தெரிந்தால் எங்கே மூச்சு விடலாம் என்பது தானாகத் தெரியும். தாளம் உறுதிப்பட்ட பிறகு திருப்புகழ்ச் சந்தங்கள். இதற்கு மனமிருக்கும் வாத்தியாரைத் தேடுங்கள். எத்தனை பேருக்கு மனமிருக்கிறது என்றால், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். இந்த ஊரிலேயே நாலு வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

செயலாளர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த குழந்தைகள் போட்டிக்கான படிவத்தில், 'ஒரு கீதம்' என்ற வரிக்குக் கீழே 'ஒரு தேவாரப் பண்' என்று சேர்த்துவிடுங்கள். போட்டியில் இருந்தால் பெற்றோர் கேட்பார்கள். பெற்றோர் கேட்டால் வகுப்பில் வரும். செயலாளர் தலையசைக்கிறார். தலைவர் அவர்கள் அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.