கையை எடு என்று சொல்லாத அறை

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியது. தடுமாறிய இடங்களை மட்டும் சரிசெய்து எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

பின்வரிசையில் இரண்டு குழந்தைகள் நாற்காலிகளை இழுத்துச் சேர்த்து ரயில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரிக்கிறார்கள். விடுங்கள், ஓட்டட்டும். நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

என் மகனுக்கு மூன்று வயது இருக்கும்போது ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். எந்த ஊர் என்பது வேண்டாம். நான்கு கண்ணாடிப் பெட்டிகளைத் தாண்டுவதற்குள் காவலர் மூன்று முறை "கையை எடுங்க" என்றார். மூன்றாவது முறை அவன் தொட்டது வெறும் சுவரை. பயந்துபோய் என் இடுப்பில் ஏறியவன், வாசலில் ஐஸ் வண்டியைப் பார்த்த பிறகுதான் இறங்கினான். காவலரைக் குறை சொல்ல மாட்டேன். ஏதாவது உடைந்தால் அவரைத்தான் கேட்பார்கள்.

அதே மகன் இப்போது பாஸ்டனில் வேலை பார்க்கிறான். அங்கே போயிருந்தபோது, ஒன்றரை வயதுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஊரின் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்குப் போனோம். துறைமுகக் கால்வாய் ஓரம், பழைய கம்பளிக் கிடங்குக் கட்டடம். வாசலில் 40 அடி உயரத்துக்கு ஒரு பால் பாட்டில் நிற்கிறது. 1933இல் வேறோர் ஊரில் ஐஸ்கிரீம் கடையாகக் கட்டியதாம், 1977இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பேத்தி அதை அண்ணாந்து பார்த்தவள், உள்ளே வரவே மாட்டேன் என்றாள்.

இந்த அருங்காட்சியகத்தை 1913இல் தொடங்கியவர்கள் அறிவியல் ஆசிரியர்கள். குழந்தைகளுக்கென்று முதல் அருங்காட்சியகம் நியூயார்க்கின் புரூக்ளினில் 1899இலேயே வந்துவிட்டது. இது அடுத்த தலைமுறை. வெகுகாலம் இங்கேயும் கண்ணாடிப் பெட்டிகள்தான். 1962இல் மைக்கேல் ஸ்பாக் என்பவர் இயக்குநராக வந்தார். குழந்தை வளர்ப்பு பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற டாக்டர் ஸ்பாக்கின் மகன். வந்த சில ஆண்டுகளில் பொருட்களைக் கண்ணாடிக்கு வெளியே எடுத்து வைத்தார். அன்றாடச் சாமான்களைக் குறுக்கே அறுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டினார்: பேஸ்பால் பந்து, கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி. கழிப்பறையை அருங்காட்சியகத்தில் வைத்த மனிதரை எனக்குப் பார்க்காமலே பிடித்துவிட்டது. அந்தப் பத்தாண்டின் கடைசியில், 1969இல், சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் (ஆமாம், அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் தம்பிதான்) எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தைத் திறந்தார். அங்கேயும் பொருளைக் கையில் எடுத்து இயக்கிப் பார்ப்பதுதான் வேலை.

சரி, இதெல்லாம் ஓடியாடும் பிள்ளைகளுக்கு. அக்காவும் அண்ணனும் பந்தை உருட்டி விளையாடும்போது தவழுகிற தம்பி எங்கே போவான்? அவன் கைமேல் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று அம்மா அவனை மடியிலேயே வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். மழலையர் கல்வி படித்த ஜெரி ராபின்சன் என்ற பெண்மணி பாஸ்டன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். 1970களின் கடைசியில், சின்னஞ்சிறுசுகளுக்கும் அவர்களைக் கூட்டிவருகிறவர்களுக்கும் என்று ஒரு தனி இடத்தை அவர் உருவாக்கினார். 'பிளே ஸ்பேஸ்' என்று பெயர். 'கூட்டிவருகிறவர்களுக்கும்' என்று சொன்னதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

உள்ளே போனால் மரவீடு மாதிரி ஏறி இறங்க ஒன்று, பொம்மை ரயில் ஓட மேசை, கையை அளைந்து அழுக்காக்க ஓர் இடம், இன்னும் நடை வராத குழந்தைகளுக்குத் தனியாக ஒரு பகுதி. பேத்தி நேராக ரயிலுக்குப் போனாள். பெட்டியை எடுத்துத் தண்டவாளத்துக்கு வெளியே வைத்துத் தள்ளினாள். நான் சும்மா இருப்பேனா? எடுத்துத் தண்டவாளத்தில் சரியாகப் பொருத்திக் கொடுத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியை மறுபடி வெளியே எடுத்தாள். மேசை விளிம்பு வரை தள்ளினாள். கீழே விழவிட்டாள். குனிந்து எடுத்தாள். திரும்பவும் அதே. ஏழெட்டு முறை. ரயிலைப் பற்றி அவளுக்கு அன்று ஒரு கவலையும் இல்லை, விழுவதைப் பற்றித்தான்.

அங்கே இருந்த பணிப்பெண் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வந்து ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி உருண்டு தூரமாகப் போனபோது மட்டும், அவளுக்கு எட்டுகிற தூரத்துக்குக் காலால் மெதுவாக நகர்த்தி வைத்தார். நானும் கையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் அந்த இடத்தைக் கட்டியவர்களின் மூளை புரிந்தது. எங்கே உட்கார்ந்தாலும் குழந்தை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் பின்னாலேயே ஓட வேண்டியதில்லை. ஓடாத அம்மா என்ன செய்வாள்? பார்ப்பாள். பக்கத்து அம்மாவிடம் பேசுவாள். "உங்க பையனும் எல்லாத்தையும் கீழே போடுறானா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்ற பதில் கிடைத்தாலே பாதிக் கவலை போய்விடும். இங்கே உட்கார்ந்திருக்கும் இளம் அம்மாக்களுக்கு அது தெரியும். கூட்டுக் குடும்பத்தில் திண்ணை செய்த வேலையை அங்கே அந்த பெஞ்ச் செய்கிறது.

என்னை விட்டு நகராத இன்னொன்று, அந்த ஓவியச் சுவர். ஒளி ஊடுருவும் சுவர். குழந்தை இந்தப் பக்கம் நின்று வண்ணம் பூசும், நாம் அந்தப் பக்கம். பேத்தி நீல வண்ணத்தை எடுத்து முதலில் ஒரு கோடு போட்டாள். அப்புறம் என் முகம் தெரிகிற இடத்தைக் கண்டுபிடித்து, மூக்கிலிருந்து தொடங்கினாள். மூக்கு போனது, கண்ணாடி போனது, நெற்றி போனது. கடைசியில் ஒரு சின்னச் சந்து மட்டும் மிச்சம். அதன் வழியாக ஒரு கண்ணை வைத்து நான் இருக்கிறேனா என்று பார்த்தாள். இருந்தேன். அதற்கு அவள் சிரித்த சிரிப்பை இந்த மைக்கில் செய்துகாட்ட முடியாது.

இந்த வகை அறைகளில் வெளியே தெரியாத வேலை ஒன்று உண்டு: கழுவுவது. வாயில் வைத்த பொம்மையைத் தனித் தொட்டியில் போட வேண்டும், அதைக் கழுவித்தான் திரும்ப வைக்க வேண்டும். பொம்மை வாங்கத் தயாராக இருக்கும் நன்கொடையாளர்கள் கிடைப்பார்கள், கழுவுகிற ஆளுக்குச் சம்பளம் தருகிறவர் கிடைப்பது கஷ்டம். பல நல்ல அறைகள் ஆறே மாதத்தில் பூட்டப்படுவது இதனால்தான் என்பது என் சந்தேகம்.

கூட்டம் தொடங்கும் முன் செயலாளர் ஐயா ஒரு விஷயம் சொன்னார். கீழ்த்தளத்து அறை காலியாகத்தான் இருக்கிறதாம், குழந்தைகளுக்கு என்ன வாங்கிப் போடலாம் என்று பட்டியல் கேட்டார். ஐயா, பட்டியல் சின்னதுதான். முதுகு சாய்கிற மாதிரி இரண்டு பெஞ்ச், இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, சோப்பு. நடைவண்டியும் சொப்புச் சாமானும் நம் வீட்டுப் பரண்களிலேயே கிடக்கும், ஆளுக்கு ஒன்று எடுத்து வருவோம். அப்புறம், அந்த அறைக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்று யாராவது இப்போதே போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். நன்றி.