வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளை கதை சொல்லலாமா?

போன காணொளியில் ஆங்கில எழுத்தாளர் இயன் மக்யூவன் 2016இல் எழுதிய 'நட்ஷெல்' நாவலைப் பற்றிக் கதைத்தேன் அல்லவா, அதற்குக் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "சேர், ஹாம்லெட் கதையைப் பிறக்காத பிள்ளை சொல்கிறது என்றால் எப்படி? அதற்கு வைன் ருசியும் உலக அரசியலும் தெரியுமாம், நம்புகிற மாதிரியா இருக்கு?"

ஹாம்லெட் ஷேக்ஸ்பியரின் நாடகம்; தகப்பனைக் கொன்று தாயைக் கட்டிய தகப்பனின் சகோதரனைப் பழிவாங்க வேண்டிய இளவரசனின் கதை. தங்கச்சியின் கேள்வி மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. தாய் ட்ரூடி ஓயாமல் பொட்காஸ்ட் கேட்கிறாள், அவள் குடித்தால் பிள்ளைக்கும் ஏறுகிறது என்று நாவலிலேயே காரணம் இருக்கிறது. சரி, அது சாட்டு என்றே வைப்போம். ஆனால் நாங்கள் அதைக் கேட்கலாமா? பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் படிக்கக் கேட்டவர்கள் நாங்கள். சுபத்திரை வயிற்றில் கிடந்தபடி சக்கரவியூகத்துக்குள் நுழையும் வழியைக் கேட்ட அபிமன்யுவுக்காகக் கூத்துக் களரியில் விடிய விடிய இருந்து அழுதிருக்கிறோம். "அது எப்படி அண்ணாவியார்?" என்று ஒருவரும் எழும்பிக் கேட்கவில்லையே. ஷேக்ஸ்பியரும் நமக்குப் புதுசில்லை, காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இலேயே 'மதங்க சூளாமணி'யில் அவருடைய 12 நாடகங்களை எடுத்துச் சொல்லிவிட்டார்.

நான் வழமையாகச் சொல்வதுதான்: கதை சொல்பவனுக்கு என்ன தெரியும் என்று பார்க்காதீர்கள், அவனால் என்ன செய்ய முடியாது என்று பாருங்கள். அபிமன்யுவுக்கு உள்ளே போகத் தெரியும், தாய் கண்ணயர்ந்ததால் வெளியே வரத் தெரியாது. இந்தப் பிள்ளைக்கோ எல்லாமே காதில் விழுகிறது. லண்டனில் இடிந்துகொண்டிருக்கிற ஒரு பழைய வீடு, அங்கே தாயும் தகப்பனின் சகோதரன் குளோடும் கள்ள உறவில் இருந்துகொண்டு, கவிதை எழுதுகிற அந்தத் தகப்பனுக்கு ஸ்மூதியில் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற அன்டிபிரீஸைக் கலந்து கொடுக்கத் திட்டம் போடுகிறார்கள். இவனால் கத்தக்கூட முடியாது. ஹாம்லெட் கையில் வாளை வைத்துக்கொண்டு ஐந்து அங்கம் தள்ளிப்போட்டான், ஏன் என்று 400 வருடமாக வாதாடுகிறோம். தலைகீழாக மடங்கிக் கிடப்பவனிடம் அந்த வாதமே செல்லாது.

தங்கச்சி உண்மையில் கேட்டிருக்க வேண்டியது, இவ்வளவையும் கேட்டும் அவன் ஏன் தாயை வெறுக்கவில்லை என்று. எப்படி வெறுப்பான்? அவள் நெஞ்சு அடிக்கிற சத்தத்தில்தான் அவன் கிடக்கிறான், அவள் ஜெயிலுக்குப் போனால் இவனும் போகவேண்டும். ஷேக்ஸ்பியரில் தகப்பனின் ஆவி வந்து, பழிவாங்கு, ஆனால் தாயைத் தொடாதே என்று சொல்கிறது. இங்கே சொல்ல ஆவி தேவையில்லை, தொப்புள்கொடியே போதும்.

வாசிக்காதவர்கள் இப்போது காதைப் பொத்திக்கொள்ளுங்கள். அவர்கள் இரண்டு பேரும் தப்பி ஓட நிற்கிற நேரம், வளர்ந்திருக்கிற தன் நகத்தால் பன்னீர்க்குடத்தைக் கீறிவிடுகிறான். வலி கண்டவளைக் கூட்டிக்கொண்டு குளோட் எங்கே ஓடுவது? அது பழியா, தாயைப் பார்க்கிற ஆசையா? எனக்கு ஆசை என்றுதான் படுகிறது. உங்களுக்கு வேறு மாதிரிப் பட்டால் எழுதுங்கள்.