நாலு தட்டு

வன்னி நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நிச்சயமில்லாத காலங்களில் மனதைத் தாங்கிப் பிடித்த ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். கோயில், வாசிப்பு, வீட்டுத்தோட்டம் என்று பலரும் பலதைச் சொல்லுவார்கள். எனக்கு அது மேடையில் நேரே நின்று வாசிக்கிற றொக் இசை. கிற்றாரும் ட்ரம்ஸும் நெஞ்சில் வந்து இடிக்கிற அந்தப் பெரிய சத்தம்.

எங்களில் பலருக்குப் பெரிய சத்தம் என்றாலே பிடிக்காது. ஏன் என்று வன்னி ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சின்ன வயதில் பாட்டு என்றால் எனக்கு றேடியோதான். அப்போது வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. மின்சாரமும் இல்லை. அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து இரண்டு வயரை இழுத்து றேடியோவில் கொழுவுவார். பெடலைக் கையால் சுற்றச் சுற்றப் பாட்டு வரும். வேகம் குறைந்தால் பாடுகிறவரின் குரல் மங்கி, இரைச்சல் மேலே வந்துவிடும். "சுத்து பிள்ளை, சுத்து" என்பார் அப்பா. ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு முடிக்க யாரோ ஒருவரின் தோள்மூட்டு நோக வேண்டும். பாட்டு சும்மா வருவதில்லை, யாரோ உடம்பால் செய்கிற வேலை அது என்பதை நான் அந்தச் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்துதான் அறிந்தேன்.

2009இல் எனக்கு 17 வயது. அந்த மாதங்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லுகிறேன். தூரத்தில் ஷெல் குத்துகிற சத்தம் கேட்டதும் நாங்கள் எண்ணத் தொடங்குவோம். ஒன்று, இரண்டு, மூன்று. அந்த எண்ணிக்கைக்குள் பங்கருக்குள் போய்விட வேண்டும். சத்தத்துக்கும் சத்தத்துக்கும் இடையில் இருக்கிற அமைதிதான் எல்லாவற்றிலும் பயங்கரம். எங்கே விழும், யாருக்கு விழும் என்று தெரியாத அமைதி அது. போர் முடிந்து பல வருடமாகியும் அந்த எண்ணிக்கை என் உடம்பை விட்டுப் போகவில்லை. வகுப்பில் யாராவது மேசையைத் தள்ளி விழுத்தினாலும் உள்ளுக்குள் ஒன்று, இரண்டு என்று ஓடும்.

பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். 2013 என்று நினைவு. சரச்சந்திர திறந்தவெளி அரங்கில் ஒரு சிங்கள இசைக்குழுவின் நிகழ்ச்சி. அறைத்தோழி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள். மரங்களுக்குக் கீழே சரிவில் இருந்தோம். ட்ரம்ஸ்காரர் இரண்டு தடிகளையும் தலைக்கு மேலே தூக்கி டக், டக், டக், டக் என்று நாலு தரம் தட்டினார். அடுத்த கணம் எல்லா வாத்தியமும் ஒன்றாக வெடித்தது. நான் குனிந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. என் முதுகில் கையை வைத்தபடி பாட்டு முடியும்வரை இருந்தாள். ஏன் என்று அவள் அன்றைக்குக் கேட்டிருந்தால் எழும்பிப் போயிருப்பேன்.

மூன்றாவது பாட்டளவில் ஒன்று பிடிபட்டது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பழைய பழக்கம். ஆனால் இங்கே எண்ணி முடிக்கிற இடத்தில் வந்தது அடுத்த அடி மட்டும்தான். மறுபடி எண்ணினேன், மறுபடியும் அதே இடத்தில் அடி. அந்த மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அடுத்தது எப்போது வரும் என்று தெரிந்திருந்தது. சொன்ன நேரத்துக்கு அது வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் அழுதேன் நேயர்களே, நல்லாக அழுதேன். அந்தச் சத்தத்துக்கு முன்னால் ஓடாமல் இருந்த முதல் இரவு அது.

இதில் கொஞ்சம் விஞ்ஞானமும் இருக்கிறது. பெரிய ட்ரம்மின் ஓசை ஒரு வினாடிக்கு 60 அதிர்வுகள் என்ற அளவில் வருவது. காதுக்குக் கேட்கிற அதே வேளை நெஞ்சுக்கூட்டிலும் தெரியும். கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தால் அதற்குள் தண்ணீர் நடுங்குவதைக் காணலாம். போன் ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாது. அதனால்தான் அதே பாட்டை வீட்டில் கேட்டால் எனக்கு ஒன்றும் நடப்பதில்லை. போய் நிற்க வேண்டும், பக்கத்தில் சனம் இருக்க வேண்டும்.

சரயேவோ நகரத்தைப் பற்றிப் பின்னர் வாசித்தேன். பொஸ்னியப் போரில் 1992 முதல் 1996 வரை முற்றுகைக்குள் கிடந்த நகரம். 1994 டிசம்பரில், முற்றுகை நடந்துகொண்டிருக்கும்போதே, ப்ரூஸ் டிக்கின்ஸன் என்ற இங்கிலாந்து றொக் பாடகர் தன் குழுவோடு லொறியில் மலைப்பாதையால் உள்ளே போய் அங்கத்தைய இளையவர்களுக்குப் பாடிவிட்டு வந்தார். வாசித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். எங்களிடம் யாரும் அப்படி வரவில்லை. ஆனால் ஷெல் விழுகிற ஊரில் ஏன் போய்ப் பாட்டுக் கேட்டார்கள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு 2022, நாடே பொருளாதார நெருக்கடியில் கிடந்த வருடம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்ததில் வயல்காரரின் கை ஏற்கெனவே உடைந்திருந்தது. ஆகஸ்டில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். அந்த நேரத்தில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவின் கடைசி இரவுக்கு இசைக்கோஷ்டி வேண்டுமா என்று பெரிய வாக்குவாதம். சனம் சோற்றுக்கு யோசிக்கிற நேரத்தில் இது என்ன கூத்து என்றார்கள் சிலர். அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் வேண்டும் என்ற பக்கம்தான் நின்றேன். நாளைக்கு என்ன விலை, நாளைக்குப் பஸ் ஓடுமா என்று ஒன்றுமே தெரியாத சனத்துக்கு, அடுத்த அடி எப்போது வரும் என்று தெரிகிற ஒரு இரவாவது வேண்டும். கடைசியில் ட்ராக்டர் வைத்திருந்த ஒருவர் டீசல் தருகிறேன் என்றார்.

அம்மா வரவில்லை. அவவுக்கு அந்தச் சத்தம் இன்னும் ஆகாது. அப்படி வீட்டிலேயே நிற்கிறவர்களை வா வா என்று வற்புறுத்தக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

முதலில் பக்திப்பாட்டு, பிறகு சினிமாப்பாட்டு. நடுச்சாமம் தாண்டிய பிறகுதான் கோஷ்டியின் இளம் பொடியன்கள் தங்கள் விருப்பத்துக்கு றொக் வாசிக்கத் தொடங்கினார்கள். நாலு தட்டு. கிற்றார் கிழித்துக்கொண்டு எழும்பியது. நான் பிள்ளைகளோடு பிள்ளையாக முன்னுக்கு நின்றேன். இரண்டாவது பாட்டின் நடுவில் ஜெனரேற்றர் இருமி நின்றுவிட்டது. வெளிச்சம் போனது, கிற்றார் போனது, பாடினவரின் குரலும் போனது. ட்ரம்ஸுக்கு மட்டும் கரண்ட் தேவையில்லை. அந்தப் பொடியன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். கும்மிருட்டில் ஒருவரும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் சனம் அந்த அடிக்குக் கை தட்டத் தொடங்கியது. பந்தலுக்குப் பின்னால் ட்ராக்டர்க்காரர் போன் வெளிச்சத்தில் குழாயை வாயில் வைத்து டாங்கியில் இருந்து டீசலை உறிஞ்சிக் கானுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். கால் மணித்தியாலம் இருக்கும். பொடியன் நிறுத்தவே இல்லை. லைட் வந்ததும் கிற்றார் அவனுடைய அடியிலேயே வந்து சேர்ந்துகொண்டது.

விடியப்புறம் வீட்டுக்கு வந்தேன். அம்மா படுக்கவில்லை. திண்ணையில் இருந்தா.

"கரண்ட் நிண்டாப் பிறகும் ஒருத்தன் அடிச்சுக்கொண்டிருந்தான். ஆற்றை பொடியன் அவன்?" என்று கேட்டா.

எனக்கும் தெரியாது என்றேன். அம்மாவின் விரல்கள் திண்ணைக் கட்டில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன.

வணக்கம்.