மேஸ்திரி கையேடா, வேதமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எனக்கு ஏழு நிமிஷம். எதிரணி அடிச்ச அடியைத் தடவிக்கவே அதுல நாலு போயிடும். நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

எபிரேய வேதம், அதாவது யூதர்களோட வேதம், கிறிஸ்தவங்க பழைய ஏற்பாடுன்னு சொல்றது, அன்றாட வாழ்க்கைக்கு வழிகாட்டறது கதைகளாலா, கட்டளைகளாலா? இதுதான் தலைப்பு. நாங்க கட்டளைக் கட்சி.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "செங்கடல் பிளந்ததைப் பேசுங்கய்யா, கோலியாத் விழுந்ததைப் பேசுங்க! அந்த வேதத்துல உபாகமம்ங்கற புத்தகம், 22ஆம் அதிகாரத்துல, வீடு கட்டினா மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுன்னு இருக்கு. இது வேதமா, மேஸ்திரி கையேடா?" நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்ல அடிக்குத் தட்டணும்ல?

அந்த வசனம் 22:8. அந்த ஊர் வீடுகளுக்குத் தட்டைக் கூரை. மாடிங்கறது அவங்களுக்கு இன்னொரு அறை மாதிரி. எரிகோ பட்டணத்துல ராகாப்ங்கற பொண்ணு இஸ்ரவேல் வேவுகாரங்களை ஒளிச்சு வெச்சது எங்கே? மாடியில, பரப்பி வெச்சிருந்த சணல் தட்டைக்குள்ள. சாமுவேல் தீர்க்கதரிசி, பின்னாடி ராஜாவான சவுலோட உக்காந்து பேசினது எங்கே? மாடியில. அப்படி ஆள் புழங்கற இடத்துல ஒருத்தன் தவறி விழுந்தா, வேதம் யாரைக் கேக்குது? "உனக்குக் கண்ணு தெரியலையா"ன்னு விழுந்தவனைக் கேக்கலை. கட்டினவனைக் கேக்குது. இரத்தப்பழி உன் வீட்டு மேலங்குது!

மேஸ்திரி கையேடுன்னார் இல்லையா, அளவும் சொல்லிடறேன். 12ஆம் நூற்றாண்டுல மைமோனிடிஸ்ங்கற யூத சட்ட அறிஞர் எழுதி வெச்சிருக்கார். பத்து கையகலம் உயரம், கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர். உயரம் மட்டும் போதாது, ஒரு ஆள் சாய்ஞ்சா தாங்கணும். நாலு முழத்துக்கு நாலு முழம்கூட இல்லாத குச்சு வீட்டுக்கு விலக்கு. மாடிக்குப் போட்ட சட்டம் கிணத்துக்கும் வந்துடுது: சுவர் கட்டு, இல்லேன்னா மூடி போடு. யூத குருமாரோட விவாதத் தொகுப்பான தல்மூத்ல ரபி நாத்தான் அதே வசனத்தை வெச்சுக்கிட்டு, கடிக்கிற நாயை வளர்க்காதே, ஆடற ஏணியை வீட்டுல வைக்காதேன்னார். ஆடற ஏணி! ஒவ்வொரு வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. "ஜாக்கிரதையா ஏறு"ன்னு சொல்லி அடுத்தவனை ஏத்தி விடறதுக்குன்னே வெச்சிருக்கோம்.

கதைதான் வேணுமா? இஸ்ரவேலை ஆண்ட அகசியா ராஜா கதை சொல்றேன். சமாரியாவில மேல்வீட்டுக் கிராதி வழியா கீழே விழுந்தார். ராஜா வீடு, கிராதி இல்லாம இல்லை. இருந்தது, தாங்கலை. எலும்பு போச்சோ என்னவோ, படுத்த படுக்கை. உடனே என்ன பண்ணார்? பிழைப்பேனா மாட்டேனான்னு கேக்க எக்ரோன் ஊர்த் தெய்வமான பாகால்சேபூப்கிட்ட ஆள் அனுப்பினார். ஐயா, ஆள் அனுப்பினது தப்பில்லை. முன்னாடியே அனுப்பியிருக்கணும், மேஸ்திரிகிட்ட!

இன்னொரு ராஜா, தாவீது. சாயங்காலம் எழுந்து அரமனை மாடியில உலாத்தினார். விழலை. கீழே குளிச்சிட்டிருந்த பத்சேபாளை, இன்னொருத்தன் மனைவியைப் பார்த்தார். அப்பதான் விழுந்தார். அந்த விழுகைக்கு எந்த மேஸ்திரியும் சுவர் எழுப்ப முடியாது. அதுக்கும் கட்டளைதான் இருந்தது, பத்தாவது கட்டளை: பிறன் மனைவியை இச்சியாதே. அந்தச் சுவரைத்தான் அவர் தாண்டினார்.

நடுவர் மணியைத் தொடறார். இன்னும் நாலு கட்டளை கொண்டு வந்தேன், ஒரே மூச்சுல சொல்லிடறேன். கூலியைப் பொழுது சாயறதுக்குள்ள குடு. வாங்க ஒரு படிக்கல், விக்க ஒரு படிக்கல்னு பையில வெச்சுக்காதே. அடகா மாவரைக்கிற எந்திரக்கல்லை வாங்காதே, அது அவன் சோறு. அடகு வாங்கக் கடன்காரன் வீட்டுக்குள்ள நுழையாதே, வாசல்ல நில்லு, அவனே வெளியே கொண்டு வருவான். அவ்வளவுதான்.

இப்ப ரூத். எதிரணி ரூத்தைத் தங்க சாட்சியா கூப்பிட்டாங்க. "பார்த்தீங்களா, என்ன அழகான கதை!" அழகுதான். ஆனா மோவாப் தேசத்து விதவை, பெத்லெகேம்ல யாரோ ஒருத்தர் வயல்ல இறங்கிக் கதிர் எடுக்கிறா. லேவியராகமம் 19:9-10 இல்லேன்னா அது கதையா? கேஸு! வயல் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுடுன்னு கட்டளை இருந்ததாலதான் அவ தலை நிமிர்ந்து உள்ளே போக முடிஞ்சது.

எவ்வளவு விடணும்? வேதத்துல அளவு இல்லை. யூதர்களோட பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்லுது, 60ல ஒரு பங்குக்குக் குறையாதே. அறுக்கும்போது ஒண்ணு ரெண்டு கதிர் சிந்தினா ஏழைக்கு, மூணு சேர்ந்து விழுந்தா வயல்காரனுக்கு. கையில முள் குத்தி, பதறிக் கீழே போட்டா? அதுவும் வயல்காரனுக்குத்தான். முள்ளு வரைக்கும் யோசிச்சிருக்காங்க! ஏழைங்க வயலுக்கு வர ஒரு நாளைக்கு மூணு வேளை. காலையில கைப்பிள்ளை தூங்கற நேரத்துல பால் கொடுக்கிற தாய்மாருக்கு, மதியம் சின்னப் பிள்ளைகளுக்கு, பொழுது சாயும்போது மெதுவா நடந்து வர்ற வயசானவங்களுக்கு.

கட்டு ஒண்ணை வயல்ல மறந்துட்டு வந்துட்டா, திரும்பிப் போய் எடுக்காதேங்குது உபாகமம் 24. நினைச்சு நினைச்சு செய்யணும்னா இந்தக் கட்டளையைச் செய்யவே முடியாது. மறந்தாத்தான் முடியும். மிஷ்னாவுக்குத் துணைத் தொகுப்பான தொசெப்தாவில ஒரு பக்திமான் வர்றார். கட்டை மறந்துட்டார். தலையில அடிச்சுக்கிட்டாரா? இல்லை, கட்டளையைச் செஞ்சுட்ட சந்தோஷத்துல மகனைக் கூப்பிட்டார், "ஒரு காளையை சர்வாங்க தகனபலியா குடு, இன்னொரு காளையை சமாதான பலியா குடு!" ஒரு கட்டு போனதுக்கு ரெண்டு காளை. கணக்குப் பார்த்தா நஷ்டம். அந்த மனுஷன் கணக்கே பார்க்கலை.

ரூத் கதிர் பொறுக்கின வயலுக்குச் சொந்தக்காரர் போவாஸும் பார்க்கலை. கட்டுகளிலேர்ந்து கதிரை வேணும்னே உருவிப் போடுங்க, அவளை அதட்டாதீங்கன்னு வேலையாட்கள்கிட்ட சொல்றார். வேணும்னே போட்டது சட்டப்படி சிந்தினதே இல்லை! கட்டளை இதைக் கேக்கலை. எதிரணிக்கு இது ஒரு பாயிண்ட். எடுத்துக்கங்க.

சாயங்காலம் ரூத் பொறுக்கினதை அடிச்சுத் தூத்தினா, ஏறக்குறைய ஒரு எப்பா வாற்கோதுமை. சுமார் 22 லிட்டர். அதைச் சுமந்துக்கிட்டு ஊருக்குள்ள வர்றா. அங்கே மாமியார் நகோமி இருக்காங்க. புருஷனையும் ரெண்டு மகன்களையும் மோவாப்ல புதைச்சுட்டு, "நிறைவா போனேன், வெறுமையாத் திரும்பினேன், என்னை மாராள்னு கூப்பிடுங்க"ன்னு சொன்ன அம்மா. மாராள்னா கசப்பு.

ரூத் மூட்டையை இறக்கினா. அது மட்டும் இல்லை. மத்தியானம் போவாஸ் அவளை உக்காரச் சொல்லி வறுத்த தானியம் குடுத்திருந்தார். பசியோட வேலை செஞ்ச பொண்ணு, திருப்தியா சாப்பிட்டா, ஆனா எல்லாத்தையும் சாப்பிடலை. மீந்ததை நாள் முழுக்கப் பத்திரமா வெச்சிருந்தா. அதை இப்ப எடுத்து மாமியார் கையில குடுத்தா.

அந்தக் கைப்பிடித் தானியத்தை எடுத்து வைக்கச் சொல்லி எந்தக் கட்டளையிலும் இல்லை, நடுவர் அவர்களே. மணியை அடிச்சிடுங்க.